கடல் வாசலுக்கு ஒரே ஒரு பார்வையாளர்

டாவோஸ், சுவிட்சர்லாந்து
20 ஆகஸ்ட் 1888

திருமதி ரோ அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பது வருட மௌனத்துக்குப் பிறகு எழுதுகிறேன் என்பதால் உங்களை எப்படி அழைப்பது என்றே அரை நாள் யோசித்தேன். மேலே இருப்பது உறையின் மேலும் பொருந்தும் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன்.

நுரையீரலுக்கு மலைக்காற்று நல்லது என்று மருத்துவர்கள் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். காற்று நன்றாக இருக்கிறது. பேச்சுத்துணைதான் இல்லை, எல்லோரும் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் உதவி வேண்டும். ஐந்து அங்கங்களில், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எதுகை தவறாமல், ஒரு துன்பியல் நாடகம் எழுதி முடித்திருக்கிறேன். பெயர் 'கடல் வாசல்'. பென்மார்வாக் கடலுக்கு அடியில் கிடப்பதாக நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பழைய நாட்டின் கதைதான். கெரன் அரசன்; கடலைத் தடுத்து நிற்கும் பெரிய வாசலின் சாவியை வைத்திருக்கும் அவன் தமக்கை எனோரா. அவள் ஓர் ஓடக்காரனை மணந்ததற்காக அரசன் சாவியைப் பறித்துக்கொண்டு அவளை நாட்டைவிட்டு அனுப்புகிறான். புயல் வருகிறது. அந்த வாசலை மூடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திரும்பி வந்து, வெளியே நின்றபடி அதை இழுத்து மூடுகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அரசன் பேசும் நீண்ட உரையோடு நாடகம் முடிகிறது.

புத்தகம் அக்டோபர் முதல் தேதி வெளிவருகிறது. இங்கேதான் சிக்கல். மேடையேறுமுன் ஒரு நாடகம் அச்சேறிவிட்டால், மேடை உரிமை எழுதியவன் கையைவிட்டுப் போய்விடும் என்கிறார்கள் வழக்கறிஞர்கள். லண்டனில் ஒரு கேளிக்கை அரங்கக்காரர் அந்த முதல் தேதிக்காகக் காத்திருக்கிறார். எனோராவாக மீசை மழித்த ஒரு கோமாளி வருவானாம். வெள்ளக் காட்சியில் ஒரு கூட்டம் மீன்கன்னிகள் ஆடுவார்களாம்.

அதைத் தடுக்க ஒரே வழி, முதல் தேதிக்குள் எங்காவது ஒரு கூடத்தில், வாசலில் விளம்பரம் ஒட்டி, நாடகத்தை ஒருமுறை முழுதாக நடத்திவிடுவது. நடிக்க வேண்டாம், தாளைப் பார்த்து வாசித்தால் போதும். ஆனால் சீட்டு வாங்கி வந்த பார்வையாளர் ஒருவராவது கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். எழுத்தாளர்கள் எல்லோரும் செய்வதுதான்.

நண்பர்களைக் கேட்டேன். பலர் கோடைக்காக வெளியூர் போயிருந்தார்கள். என் கடிதம் கிடைத்ததும் மற்றவர்களும் போய்விட்டார்கள். ஆகவே உங்களைக் கேட்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆம்புரோஸ் கார்லியன்

---

பென்மார்வா, கார்ன்வால்
28 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய கவிஞர் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் நாடகப் பொட்டலமும் வந்தன. பொட்டலத்தைத் தபால்காரர் வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, "இரும்பா அம்மா?" என்று கேட்டார். இல்லை, துன்பியல் என்றேன்.

உங்களை நான் மறக்கவில்லை. மறக்க நீங்கள் விடவும் இல்லை. என் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அதற்குப் பதிலாக லண்டன் வாரப் பத்திரிகையில் ஒரு பாட்டை அச்சிட்டு அனுப்பி வைத்தீர்கள். கப்பல்களைப் பாறையில் மோதாமல் துறைக்குள் கூட்டிவரும் ஒரு மனிதரைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டு.

பாறையெல்லாம் பேர்சொல்லிக் கூப்பிடுவான் மாப்பிள்ளை;
பாட்டென்றால் அதுஎந்தப் பாறையென்று கேட்டிடுவான்.

இந்த ஊரில் அந்தப் பத்திரிகை யாரும் வாங்குவதில்லை. இருந்தும் வாரம் முடிவதற்குள் எல்லோரும் படித்திருந்தார்கள்.

நாடகத்தை நடத்தித் தருகிறேன். உங்களுக்காக இல்லை. எனோராவுக்கு மீசைக்காரனைப் போடுவார்கள் என்று கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் நம் ஊர்ப் பெண்.

முதல் தடையைத் தாண்டியாகிவிட்டது. நாடகம் பாவம் என்று நம் சபைப் பாதிரியார் முகத்தைச் சுளித்தார். முதல் அங்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் தாளைத் திருப்பித் தந்து, "இதை யாரும் ரசிக்கப் போறதில்லையே அம்மா, அப்போ பாவம்னு சொல்ல முடியாது" என்று ஊர்க்கூடத்தின் சாவியைக் கொடுத்துவிட்டார்.

தாமசின் ரோ

---

டாவோஸ்
4 செப்டம்பர்

அன்புள்ள தாமசின்,

நன்றி. இந்தச் சொல்லை எழுதிவிட்டு அதனோடு பொருந்தும் வேறொரு சொல்லைத் தேடினேன், பழக்க தோஷம். கிடைக்கவில்லை. நன்றி மட்டும்.

வாசிப்பவர்களுக்குச் சில குறிப்புகளை இணைத்திருக்கிறேன். ஓர் அடியைக்கூட வெட்ட வேண்டாம். வெட்டினால் உரிமையும் வெட்டுப்படும். அரசன் குரல் பனிமூட்டத்தில் ஒலிக்கும் மணிபோல் இருக்க வேண்டும். யாரை அரசனாகப் போடுகிறீர்கள்? மூன்றாம் அங்கத்தில் தலைமைப் பூசாரி சொல்லும் சாபத்தை அவசரப்படாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

பார்வையாளராக யார் வருகிறார்கள்? கொஞ்சம் இலக்கியம் தெரிந்தவராக இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

உங்கள் பழைய கோபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் நாடகமாக நீண்டுவிடும் போலிருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

ஆம்புரோஸ்

---

பென்மார்வா
13 செப்டம்பர்

தம்பி,

ஒத்திகை நடக்கிறது. கூடத்தை எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. கடலடி நாட்டுக்கு அது பொருத்தம்தான் என்று வைத்துக்கொள்.

அரசன் கெரனாகக் கசாப்புக்கடை பொலிதோ வருகிறார். மணி போன்ற குரல் கேட்டாய். தெருக்கோடியில் நின்று அவர் விலை சொன்னால் குன்றின் உச்சிவரை கேட்கும். அதற்கு மேல் என்னால் தேட முடியவில்லை. தலைமைப் பூசாரி நம் வக்கீல் ட்ரெகியர். சட்டப்படி எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்தவர், பஞ்சுத் தாடியைப் பார்த்ததும் வேடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எனோரா நான். வேறு யாரும் அந்தக் கதவுக்குப் பின்னால் அவ்வளவு நேரம் சும்மா நிற்கச் சம்மதிக்கவில்லை. கப்பல் பாய் தைக்கும் கொட்டகையிலிருந்து ஒரு கதவைக் கழற்றிக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தியிருக்கிறோம்.

நேற்று பொலிதோ முதல் அங்கத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஏன்மா, இந்த ராசாவுக்கு வேற வேலையே கிடையாதா? அக்கா புருசன் ஓடம் ஓட்டினா இவருக்கென்ன கேடு?"

"அது கௌரவப் பிரச்சினைய்யா" என்றார் ட்ரெகியர் தாடிக்குள்ளிருந்து.

"என்ன கௌரவம்? எந்த நாளும் ஓடக்காரனுக்கு என் கடையில கடன் உண்டு. ராசாவுக்குக் கிடையாது."

நாடகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன் தம்பி. பொலிதோ கேட்ட கேள்வியை நீயும் எப்போதோ உன்னையே கேட்டுக்கொண்டிருப்பாய் போலிருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை பகலில் வைத்திருக்கிறோம். மத்தி மீன் பருவம் என்பது உனக்கு நினைவிருக்கும். மீன் கூட்டம் வருகிறதா என்று பார்க்கக் குன்றின் மேல் ஜாகோ தகரக் கொம்போடு காவல் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊதும்வரை ஊர் உன்னுடையது.

இப்போது பார்வையாளர் விஷயம். எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிக்கத் தெரிந்த எல்லோரும் மேடையில் இருக்கிறார்கள். மற்றவர்கள் நாடகம் எவ்வளவு நேரம் என்று கேட்டு விலகிவிட்டார்கள். பள்ளி ஆசிரியை முதலில் வருவதாகச் சொன்னார். பிறகு அவருக்கும் ஒரு தாதி வேடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஹானிபல் ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு, "நான் உக்காரட்டா?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"உக்காரத் தெரியும் எனக்கு" என்றார்.

ஆகவே உன் இலக்கியம் தெரிந்த பார்வையாளர் கேப்டன் ஹானிபல் ரோ.

தாமசின்

---

டாவோஸ்
18 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை உதவவில்லை.

வேறு யாரும் இல்லையா? பாதிரியார்? மூன்றாம் அங்கத்தில் தூங்கினாலும் பரவாயில்லை; தூங்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஐந்து அங்கங்களும் அந்த மனிதர் என் எழுத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதைக் கேட்கப் போகிறார் என்று உனக்குத் தெரியும். நீ இரண்டு முறை படித்துவிட்டாய்.

இந்தக் கடிதம் உனக்குச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் வந்து சேரும் என்று இப்போதுதான் கணக்குப் போட்டேன். இருந்தாலும் அனுப்புகிறேன். அவரிடம் என் நன்றியைச் சொல். எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை; நீயே பார்த்துக்கொள்.

ஆம்புரோஸ்

---

பென்மார்வா
23 செப்டம்பர்

தம்பி,

உன் உரிமை உன்னிடம்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீ பதறாமல் படிக்க வேண்டும்.

வாசலில் விளம்பரம் ஒட்டினோம். ஹானிபல் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு வந்து என்னிடமே சீட்டு வாங்கி, என்னிடமே கொடுத்துக் கிழித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நாங்கள் பதினாறு பேர் மேடையில் நின்று அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். யாருக்குப் பயம் அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

முதல் மூன்று அங்கங்களும் நன்றாகவே போயின. பொலிதோ உன் எதுகைகளை எலும்போடு வெட்டிப் போட்டார். சாபம் சொல்லும்போது ட்ரெகியரின் தாடி கழன்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முடித்தார். ஹானிபல் அசையவில்லை. துறைக்குள் கப்பலைக் கொண்டுவரும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

நான்காம் அங்கத்தின் முடிவில் புயல். அரசன் வானத்தை நோக்கிக் கை தூக்குகிறான். பொலிதோ தூக்கினார். அப்போது வெளியே கொம்புச் சத்தம் கேட்டது.

முதலில் யாரோ புயலுக்காக ஏற்பாடு செய்தது என்று நினைத்தேன். பிறகு, மீன் கூட்டம் கண்டால் கூவும் ஜாகோவின் குரல். "ஹெவா! ஹெவா!"

உனக்கு நினைவிருக்கும். அந்தக் குரலுக்கு இந்த ஊரில் கல்யாணம் பாதியில் நின்றிருக்கிறது. பாதிரியார் ஜபத்தின் நடுவில் ஆமென் சொல்லி ஓடியிருக்கிறார். பொலிதோ தூக்கிய கையை இறக்கவே இல்லை. அப்படியே மேடையிலிருந்து குதித்தார். கையிலிருந்த அரசனின் தாள்கள் ஹானிபலின் காலடியில் விழுந்தன. "மன்னிச்சுக்கோ தாயி, மீனு" என்று கத்திக்கொண்டே போனார். பின்னால் பூசாரி, பின்னால் தாதி, பின்னால் படைத்தளபதிகள் இருவர். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம் கடலடி நாடு முழுவதும் கடற்கரைக்கு ஓடியது.

கூடத்தில் நானும் என் கணவரும் மிஞ்சினோம்.

மத்திக் கூட்டம் வந்தால் ஊர் திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு உப்புப் போடுவது, பீப்பாயில் அடுக்குவது. முதல் தேதிக்குள் இவர்களை மறுபடி ஒன்றுசேர்க்க வழியே இல்லை. மேடையில் உட்கார்ந்துவிட்டேன். மீசைக்காரன் கண்ணெதிரே வந்தான்.

ஹானிபல் குனிந்து தாள்களைப் பொறுக்கினார். ஒழுங்காக அடுக்கினார்.

"எவ்வளவு பாக்கி இருக்கு?"

"ஒரு அங்கம். எனோரா வந்து கதவை மூடுவாள். மிச்சம் முழுக்க அரசன்தான்."

"அப்ப நீ போய்க் கதவை மூடு. நான் ராசாவைப் படிக்கிறேன்."

"நீங்க மேடைக்கு வந்தா பார்வையாளர் யாரு? நாற்காலி காலியாயிடும். காலியா இருக்கக் கூடாதுன்னு ட்ரெகியர் சொன்னாரே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்திரிச்சாத்தானே காலியாவும்?"

எழுந்திருக்கவில்லை, தம்பி. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டார். நான் என் வசனங்களைச் சொன்னேன். மற்றவர்களுடைய சிறு வசனங்களையும் நானே சொன்னேன். கதவை இழுத்துச் சாத்தி அதன் பின்னால் நின்றேன். அவர் உன் அரசனை ஆரம்பித்தார்.

மெதுவாகப் படித்தார். உன் எதுகை எங்கே வருகிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை. அவர் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முதல் அடியின் ஓசை எனக்கு மறந்துவிட்டது. அதனால் சொல் மட்டும் மிஞ்சியது. அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒரு மனிதன் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

திறவுகோல் என் கையில், தீர்ப்பும் என் கையில்;
நீ இல்லா வீட்டுக்கு நான் என்ன காவல்?

இங்கே நிறுத்திவிட்டார். "டாம்சி" என்று கூப்பிட்டார். "இந்த வரியை இன்னொரு தரம் படிக்கலாமா? சட்டத்துல இடம் இருக்கா?"

வெட்டக்கூடாது என்றுதான் நீ எழுதியிருந்தாய். கூட்டக்கூடாது என்று எழுதவில்லை. படிக்கச் சொன்னேன்.

முடிந்த பிறகு நான் வெளியே வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. கதவின் தாழ் இறுகியிருந்தது. வந்தபோதும் அவர் நாற்காலியில்தான் இருந்தார். "முடிஞ்சுதா? எந்திரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். தாள்களை என்னிடம் கொடுத்தார்.

"லண்டன்காரங்களுக்கு எழுதினானா இதை?"

"அப்படித்தான் சொல்றான்."

"ம்" என்றார்.

இன்று காலை ட்ரெகியர் வந்தார். தலையெல்லாம் மீன் செதில். நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சீட்டு வாங்கினாரா? வாங்கினார். எந்திரிச்சாரா? இல்லை. அப்போ அவர் பார்வையாளர்தான். பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் கிடையாது. லண்டன்ல போய்ப் பாருங்க." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சான்றிதழை இணைத்திருக்கிறேன். வாடைக்கு மன்னிக்கவும்.

அக்கா

---

டாவோஸ்
29 செப்டம்பர்

அன்புள்ள டாம்சி அக்கா,

சான்றிதழ் வந்தது. என் அறை முழுக்க பென்மார்வா வாடை. பக்கத்து அறைக்காரர் மருத்துவரிடம் புகார் செய்தார். மருத்துவர் வந்து மோந்து பார்த்துவிட்டு, இங்கே யாருக்கும் இவ்வளவு ஆரோக்கியமான வாடை வந்ததில்லை என்றார்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கடைசி உரையை எழுத எனக்கு நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு எதுகையும் சரியாக விழுந்தபோது, சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன் என்று நம்பினேன். எதுகைக்குள் ஒளிந்துகொண்டு சொன்னேன் என்பது அவர் அதை எடுத்துவிட்டுப் படித்ததாக நீ எழுதிய பிறகுதான் தெரிந்தது.

அந்த உரை லண்டன்காரர்களுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு என்று ஹானிபல் மேலும் கேட்காமல் விட்டதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்டிருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். பிறகு அதை வைத்து நான் இன்னொரு நாடகம் எழுத வேண்டியிருக்கும்.

புத்தகத்தை ஒரு பிரபுவுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தேன். அவர் அதற்கு ஒப்புக்கொண்டு தான் வேட்டையாடிய ஒரு பறவையையும் பரிசாக அனுப்பியிருந்தார். நேற்று பதிப்பகத்துக்குத் தந்தி கொடுத்தேன். முதல் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டுகிறார்கள். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப் போகிறது. பதிப்பாளர் என்னைப் பைத்தியம் என்கிறார். பறவையை ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது. பிரபு அதைத்தான் மன்னிக்க மாட்டார்.

மருத்துவர்கள் என்னை வசந்தத்தில் விடுவிப்பார்கள் போலிருக்கிறது. எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம்.

உன் தம்பி,
ஆம்புரோஸ்

---

பென்மார்வா
20 அக்டோபர்

தம்பி,

புத்தகம் வந்து சேர்ந்தது. இந்தமுறையும் தபால்காரர் இரும்பா என்று கேட்டார். இல்லை, என் தம்பி என்றேன்.

சமர்ப்பணத் தாளை ஹானிபலிடம் காட்டினேன். 'எழுந்திருக்காமல் இருந்தவருக்கு' என்று நீ அச்சிட்டிருப்பதை விரல் வைத்துப் படித்தார். பெயர் போடாததற்கு நன்றி. போட்டிருந்தால் இந்த ஊரில் அவருக்கு ஒரு வருடம் தலை காட்ட முடியாது. பெயர் இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பொலிதோ கடைவாசலில் நின்று, "ராசாவை நான் பாதிதான் போட்டேன், மீதியை உக்காந்தவர் போட்டாரு" என்று குன்றின் உச்சிவரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார். மத்தி இந்த வருடம் நல்ல வரவு. அதையும் உன் நாடகத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கும் ஒன்று எழுதச் சொல்கிறார்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

ஒன்று சொல்ல வேண்டும். நானே போன வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

அவரைக் கூப்பிட சத்திரத்துக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரே சிரிப்பு. ஹானிபல் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் பாட்டு. கல்யாணப் பாட்டு. முழுசாக, ஓர் அடி பிசகாமல். சொல்லச் சொல்ல மாலுமிகள் கூடவே சொன்னார்கள், எல்லோருக்கும் மனப்பாடம். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "எத்தனை நாளா இது?"

"கல்யாணமான வருசத்திலேருந்து."

"உங்களைக் கேலி பண்ணி எழுதினது அது."

"தெரியும். நல்லாத்தானே பண்ணியிருக்கான்?" கொஞ்ச தூரம் நடந்தார். "என்னைப் பத்தி வேற யாரு பாட்டு எழுதப் போறாங்க டாம்சி? உனக்குக் கோவம்னு வீட்டுல சொல்றதில்லை. அவ்வளவுதான்."

ஆக ஒன்பது வருடமும் உன்மேல் கோபமாக இருந்தது நான் மட்டும்தான். தனியாளாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கை வலித்ததற்குக் காரணம் இப்போது தெரிகிறது.

உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாட்டுன்னா எந்தப் பாறைன்னு இப்பத் தெரியும்னு எழுது. பக்கத்துல போயிட்டு வந்தேன், சேதம் ஒண்ணும் இல்லைன்னு எழுது."

எழுதிவிட்டேன். நீ கேட்ட கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். மாடியறையைச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன். மலைக்காற்று கிடையாது, மீன்காற்றுதான்.

வா. சீட்டு வாங்க வேண்டாம்.

டாம்சி அக்கா